மாலை போடாதவனின் மறுப்பு

ஐயப்பனுக்கு மாலை போட்ட மனிதனை எங்கள் தோட்டத்தில் யாரும் குடிக்கக் கூப்பிடுவதில்லை. கார்த்திகை பிறந்து, கறுப்பு வேட்டியும் துளசி மணியுமாக ஒருவன், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் வந்து நின்றால், நேற்றுவரை அவனோடு போத்தலைப் பங்கு போட்டவனும் "சாமி" என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். அந்த 41 நாளும் ஊரே அவனுக்குக் காவல். கல்யாண வீட்டில் அவன் பக்கம் குவளை நீளாது. சம்பள நாள் மாலையில் பார் இருக்கும் பக்கம் அவன் நடந்தால், "சாமி, இந்தப் பக்கம் எங்கே?" என்று மறிக்க ஆள் இருக்கிறது. அவன் தனியாகவும் இல்லை. விடியலில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளிப்பு, மாலையில் பஜனை, கூடவே நாலைந்து சாமிகள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் அந்தக் காவல் விலகிவிடுகிறது. சிலரை அன்று இரவே பாரில் பார்க்கலாம்.

மாலை போடாமல், முடிவு நாள் குறிக்காமல், "நான் குடிப்பதில்லை" என்று சொல்பவனுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் கிடையாது. அவனிடம் எல்லோரும் காரணம் கேட்கிறார்கள். உடம்புக்கு வருத்தமா? வைத்தியர் சொன்னாரா? வீட்டில் சண்டையா? கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டாயா? இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் விட்டுவிடுவார்கள். காரணமே இல்லாமல் ஒருவன் வேண்டாம் என்பது மட்டும் யாருக்கும் பிடிபடுவதில்லை. இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சில வருடங்களாக நான் அப்படித்தான் வாழ்கிறேன். இதே மலைநாட்டில், குடியை விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு எங்கே போவதென்று தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

அவருக்கு முதலில் சொல்லவேண்டியது உடம்பைப் பற்றி. தினமும் நிறையக் குடித்து வந்தவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில், இல்லாததைக் கண்டு, ஆள் இடம் தெரியாமல் பிதற்றும் நிலை வந்தால் அது உயிரையே பறிக்கக்கூடியது. அந்த நிலையில் இருப்பவரைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வைத்தியசாலைக்குப் போங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் விற்றமின் பி1-உம் கொடுத்துச் சில நாளில் நிமிர்த்திவிடுவார்கள். உடம்பு மருந்துக்கு அடங்கிவிடும். மாலை நேரம் அப்படி அடங்காது.

அந்த மாலை நேரத்துக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி, "கூட்டத்தை மாற்று." கொழும்பில் வாடகை அறையில் இருப்பவனுக்கு அது நல்ல புத்திமதிதான். எங்கள் லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாக அடுத்த வீட்டுப் பேச்சும் தாளிப்பும் இருமலும் வந்துவிடும். போத்தல் மூடியைத் திருகும் சத்தமும் வரும். திருகுகிறவன் என் பெரியப்பா மகன். எதிர் லயத்தில் இருப்பவர் என் மனைவியின் அண்ணன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் இவர்கள்தான். கோயில் கமிட்டியிலும் இவர்கள்தான். நான் செத்தால் தூக்கப்போகிறவர்களும் இவர்கள்தான். இந்தக் கூட்டத்தை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? இவர்களை விலக்கிவிட்டால் எனக்கு மனிதர் என்று எவரும் மிஞ்சமாட்டார்கள்.

ஆகவே நான் அந்தப் புத்திமதியை ஏற்கவில்லை. அதே மனிதர்களோடு இருக்கும் நேரத்தை மாற்றினேன். அவர்கள் நடுவில் நிற்கும்போது என் கையில் இருக்கும் வேலையை மாற்றினேன். சொல்ல எளிது. செய்ய நிறையக் காலம் பிடித்தது.

ஏன் அவ்வளவு காலம் என்றால், இங்கே சாராயம் வெறும் குடிபானமாக இருப்பதில்லை. அது கணக்கு. பிள்ளைக்குப் பெயர் வைத்தால், மகள் பெரியவளானால், பழைய கூரைத் தகரத்தை மாற்ற நாலு பேர் ஏறி நின்றால், குழி வெட்டினால், தப்படித்தால், எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லும் வழி ஒரு போத்தல்தான். போன மாதம் அவன் வாங்கிக் கொடுத்தான், இந்த மாதம் நான். வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பி வாங்கித் தராதவன் மரியாதை கெட்டவன். கொடுத்ததை வாங்காதவன் அதைவிட மோசம், உறவே வேண்டாம் என்கிறவன். நான் மறுத்தபோது நண்பர்கள் கோபப்பட்டது குடிக்காததற்காக என்று முதலில் நினைத்தேன். கொடுக்கல் வாங்கலை முறித்தேன் என்பதுதான் அவர்களுக்கு வலித்திருக்கிறது. அது புரிந்த பிறகு அவர்கள் மேல் எனக்கிருந்த மனக்கசப்பு பாதி குறைந்தது.

இந்தக் கணக்கு நேற்று எழுதியதும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கமே குத்தகைக்கு ஏலம் விட்டு வருமானம் பார்த்தது. 1912-இல் மதுவரிச் சட்டம் மாறி, தவறணைகள் எனும் சாராயக் கடைகள் பெருகும் என்ற நிலை வந்தபோது பெரிய மதுவொழிப்பு இயக்கம் கிளம்பியது. சிங்களத் தலைவர்களான அநகாரிக தர்மபாலவும் சேனநாயக்க சகோதரர்களும் பேசிய அந்த மேடைகள் பெரும்பாலும் தென்னிலங்கையில் இருந்தன. தோட்டத்துக்குள் எத்தனை பேரின் காதில் அது விழுந்திருக்கும்? 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்தார். தோட்டத் தொழிலாளரிடம் குடியை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். என் தாத்தா தலைமுறை அவரைத் தெய்வமாகக் கும்பிட்டது, படத்தைச் சுவரில் மாட்டியது, சம்பள நாளில் தவறணைக்கும் போனது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகல் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்த ஒற்றை அறையில் வேறு என்ன இருந்தது? 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்தது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடை செய்தது. நல்ல சட்டம். ஆனால் எங்களுக்கு விளம்பரம் எப்போதும் மாமன் வாயிலிருந்தும் மச்சான் வாயிலிருந்தும்தான் வந்தது.

மாலை ஆறு மணிக்கு வருகிறேன். அந்த நேரத்தை அறியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கொழுந்து நிறுத்து முடிந்துவிட்டது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து பனி ஏறிவந்து லயத்து முன்கோடியை மறைத்துவிடுகிறது. பெண்கள் அடுப்படியில். பிள்ளைகள் புத்தகத்தோடு. ஆண்களுக்கு ஒதுக்கிய வேலை எதுவும் அந்த நேரத்தில் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. அறைக்குள் இருந்தால் பிள்ளைகளுக்கு இடைஞ்சல், வெளியே போனால் சந்தியில் அவர்கள் நிற்கிறார்கள். குடித்த காலத்தில் எனக்கு இந்த நேரம் இருப்பதே தெரியாது. விட்ட பிறகு அது நாளில் பாதியாக நீண்டது.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்பவன். இரவு முறைக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினேன். மாலையில் வந்து சேரும் கொழுந்தை வாட்டும் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, இரவெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது மெதுவாக வற்றவேண்டும், அவசரப்படுத்தினால் ஓரம் கருகும், விட்டுவிட்டால் அடியில் அவியும். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்ப்போம். விரலைத் திறந்ததும் பந்து குலையாமல் நின்றால் பதம் சரி. விடிவதற்கு நிறைய நேரம் முன்பே உருட்டும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவோம். ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை என் கைகள் கொழுந்துக்குள் இருந்தன. வாடும் இலையின் வாசம் தலைக்கு ஏறும். அந்தச் சில மாதங்களைக் கடத்தியது மன உறுதி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வேலை நேரம் மாறியதுதான் கடத்தியது. ஸ்டோரில் வேலை இல்லாதவர்கள் அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது பிடித்துக்கொள்ளலாம். எங்கள் ஆள் ஒருவர் மாட்டுக்குப் புல் அறுக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டார். இளைஞர்கள் வெளிச்சம் இருக்கும்வரை கரப்பந்து ஆடுகிறார்கள்; ஆட்டம் முடிந்ததும் கலைந்து போகாமல் வலையைக் கழற்றிச் சுருட்டும் வேலையை எடுத்துக்கொள்பவன் தப்பித்துவிடுகிறான்.

போயா தினத்துக்கு முதல் நாள் தனிப் பிரச்சினை. முழுநிலா நாளில் நாடெங்கும் மதுக்கடைகள் பூட்டு என்பதால் முதல் நாள் மாலையில் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் வரிசை நிற்கும். பூட்டிய நாளுக்கும் சேர்த்து வாங்குவதால் அன்றைய இரவில் இரண்டு நாள் குடியும் ஒரே இரவில் முடிந்துவிடும். அந்த மாலையில் நான் டவுனுக்குப் போவதே இல்லை. மருந்து, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் கொப்பி எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்னாலேயே வாங்கி வைத்துவிடுவேன். மறுநாள் போயா அன்று, எல்லோரும் தலை கனத்து வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் காலை நேரத்தில், நான் போய் அவர்களோடு உட்காருவேன். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு சாயத் தேநீர் குடித்தபடி நிறையப் பேசுவோம். மாதத்தில் என் நண்பர்கள் முழுசாக எனக்குக் கிடைக்கும் நாள் அது.

விசேட வீடுகளுக்குப் போவதை நான் ஒருபோதும் நிறுத்தவில்லை. நிறுத்தும்படி சிலர் சொன்னார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகாதவன் உயிரோடு இருந்தும் இல்லாதவன். அங்கே என்ன செய்வது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கை வெறுமையாக இருந்தால் யாராவது ஒருவர் குவளையைத் திணிப்பார். அதனால் போனவுடனேயே இஞ்சி பியர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வேன். போத்தலை நானே திறப்பேன், கீழே வைக்கமாட்டேன். அன்பால் கலந்துவிடுகிற மனிதர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. மறுக்கும்போது நீளமாகப் பேசுவதில்லை. "மாத்திரை எடுக்கிறேன்" என்று சொன்னால் அடுத்த வாரம் மாத்திரை முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். "வேண்டாம் மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரித்தால் பேச்சு நகர்ந்துவிடும். சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவேன். பத்து மணிக்கு மேல் எந்தக் கூட்டத்திலும் குடிக்காதவனுக்கு வேலை இல்லை. அதே கதை ஐந்தாவது தடவை ஓடும், யாரும் யாரையும் கேட்பதில்லை.

சாவு வீடுதான் கடினம். குழி வெட்டுகிறவர்களுக்குப் போத்தல் கொடுப்பது முறை, அதை மறுப்பது செத்தவரை மறுப்பது போல ஆகிவிடும். நான் குடியை விட்ட பிறகு முதலில் வந்த சாவு எங்கள் பெரியப்பாவின் பங்காளி ஒருவருடையது. ஐப்பசி மழை. தேயிலைக்கு நடுவில் இருக்கும் மயானத்தில் மண் சேறாகிச் சரிந்துகொண்டே இருந்தது, வெட்டின பக்கமே திரும்ப நிறைந்தது. நான் கேட்காமலேயே குழிக்குள் இறங்கி நின்றுகொண்டேன். மேலே போத்தல் கைமாறி வந்தது. என் தலைக்கு நேரே வந்ததும் குந்தியிருந்த பெரியப்பா அதை வாங்கி அடுத்தவனிடம் கொடுத்தார். "அவன் கீழே வெட்டுகிறான், விடு" என்றார். அவ்வளவுதான். குடிக்காத ஒருவனுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இடம் குழிக்குள்ளே, சேற்றில், மண்வெட்டியோடு இருந்தது.

அதிலிருந்து எங்கே போனாலும் வேலையைக் கேட்டு வாங்குகிறேன். பந்தல் கட்டுவது, கிடாரத்துக்கு விறகு தள்ளுவது, மொய் எழுதுவது. மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால், காப்புக் கட்டிய கூத்துக்காரப் பையன்களுக்கு விடியும்வரை தேநீர் ஊற்றும் பொறுப்பு என்னுடையது. சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தில் பொருளாளர் தேவைப்பட்டபோது என் பெயரைத்தான் சொன்னார்கள். சம்பள நாள் மாலையில் காசு யார் கையில் இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நள்ளிரவில் யாருக்காவது வலி எடுத்தால் கதவைத் தட்டுவது என் வீட்டைத்தான். மழையில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஓட்ட, தெளிந்த கண்ணோடு ஒருவன் வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது எல்லாம் நிறைவாக இருப்பதாகத் தோன்றலாம். அப்படி இல்லை. ஊருக்குத் தேவைப்படுகிறவனாக ஆன பிறகும் தனிமை என்னை விட்டுப் போகவில்லை. வேன் ஓட்டக் கூப்பிடுகிறவர்கள் வேன் நின்றதும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வருகிறவர்கள் கணக்கை மட்டும் பார்ப்பார்கள். மரியாதை கூடியது, என் தோளில் கை போடுகிறவர் குறைந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை மாற்றுவார்கள், குவளையைக் காலுக்குப் பின்னால் வைப்பார்கள், ஏதோ பள்ளிக்கூட ஆசிரியர் வந்துவிட்டது போல. யாரையும் திருத்த நான் வரவில்லை என்று எத்தனை தடவை சொல்வது? மாலை போட்டவனைக் கும்பிட்டுத் தூரத்தில் வைத்ததைப்போல என்னையும் வைத்துவிட்டார்கள்.

இதற்குக் காரணத்தை நான் நிறைய யோசித்தேன். எங்கள் ஆண்கள் குடித்தால்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். மகன் கொழும்புக் கடையில் வேலைக்குப் போய்ப் படிப்பை விட்ட துக்கம், வட்டிக்கு வாங்கிய கடன், மனைவி வெளிநாட்டு வேலைக்குப் போன வீட்டின் இருட்டு, எல்லாம் இரண்டாவது குவளைக்குப் பிறகுதான் வாய்க்கு வரும். அழுதாலும் மறுநாள் "போதையில் உளறிவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்த வழி இல்லாமல், பட்டப்பகலில், தெளிந்த முகத்தோடு "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று இன்னொரு ஆணிடம் சொல்ல எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. குடியை விட்டபோது நான் விட்டது அந்தப் பேச்சையும்தான். அதைத் திரும்பக் கட்டாமல் தனிமை தீராது.

என் மனைவியிடமிருந்துதான் அதைக் கற்றேன். பெண்கள் பீலிக்கரையில் பேசுவதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், கவனித்ததில்லை. குனிந்து துணி துவைத்தபடி, முகம் பார்க்காமல், கை ஓயாமல், வீட்டில் நடந்த அத்தனையையும் ஒருத்தி சொல்வாள். மற்றவள் தேய்த்தபடி "ம்" போடுவாள். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் அப்படித்தான், அடுத்தடுத்த நிரையில் நின்று மணிக்கணக்காக. அவர்களுக்குப் பேச்சுக்குச் சாராயம் தேவைப்படவில்லை. கைக்கு வேலையும் கண்ணுக்கு வேறு திசையும் இருந்தால் போதும். ஆண்களை எதிரெதிரே நாற்காலியில் உட்காரவைத்து "மனதில் இருப்பதைச் சொல்" என்றால் ஒருவனும் வாய் திறக்கமாட்டான்.

நான் மச்சானோடு, மனைவியின் அண்ணனோடு, நடக்க ஆரம்பித்தேன். அவர் இன்றும் குடிப்பவர், அதை அவர் மறைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் விறகு பொறுக்க மேல் மலைக்குப் போவோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், பேச்சு வராது. பைனஸ் மரங்களுக்குக் கீழே சமதரை வந்ததும் ஏதாவது ஒன்று தொடங்கும். பல வாரம் லொத்தர், அரசியல், நாட்சம்பளம் என்றே ஓடியது. ஒரு ஞாயிறு, கயிறு முடிந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "அப்பா செத்ததற்கு நான் இன்னும் அழவில்லை மச்சான்" என்றார். நான் கட்டின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எனக்கும் அவர் ஞாபகம் வரும்" என்றேன். அவர் முடிச்சை இறுக்கினார், அவிழ்த்தார், திரும்ப இறுக்கினார். நிறைய நேரம் அங்கேயே நின்றோம். இறங்கி வரும்போது அப்பா காலத்து கங்காணிகளைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். குடித்த காலத்தில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுத இரவுகள் உண்டு, எதற்காக அழுதோம் என்பது இருவருக்கும் நினைவில்லை. அந்த ஞாயிறு இருவருக்கும் நினைவிருக்கிறது.

எங்கள் பக்கத்து யாத்திரை மலையான சிவனொளிபாதமலையைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரை பருவகாலம். நல்லதண்ணி வழியாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். உச்சி 2,243 மீற்றர். அங்கே மது கூடாது என்பது எல்லோரும் ஏற்ற விஷயம், ஆகவே அந்த ஓர் இரவு நான் விதிவிலக்கு இல்லை, எல்லோரும் என்னைப்போல. இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால் குளிரும் வழுக்கலும் முழங்கால் வலியும் எல்லோரையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கிழவிகளைக் கைபிடித்து ஏற்றுவோம். சிங்களப் பெண்கள் பாடிக்கொண்டு இறங்குவார்கள், நாங்கள் அரோகரா போட்டு ஏறுவோம், தேநீர்க் கடையில் எல்லோரும் ஒரே நெருப்பைச் சுற்றிக் கை காய்வோம். சாராயம் இல்லாமல் ஆண்கள் விடிய விடியச் சிரிப்பதை அங்கே பார்க்கலாம். அந்த மலைக்கு மட்டும்தான் அந்த வரம் என்று நான் நம்பவில்லை. எங்கள் தோட்டத்து மைதானத்தில், வாசிகசாலையில், கோயில் மண்டபத்தில் அது ஏன் முடியாது? இளைஞர் மன்றத்துக்குக் கட்டடம் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இரவு ஒன்பது மணிவரை விளக்கு எரியும் ஓர் அறை, ஒரு கரம் பலகை, ஒரு தேநீர்க் கேத்தல். ஆண்கள் ஆறு மணிக்குப் போய் உட்கார ஓர் இடம் இருந்தால் பாதிப் பேர் சந்திக்குப் போகமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வருகிறவர்கள், அந்தக் காசில் ஓர் அறை கட்டித் தரட்டும்.

தனியாகச் சமாளிக்க முடியாதவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் இலங்கையிலும் உண்டு, தமிழ்நாட்டில் தமிழிலேயே கூடுகின்றன. மலைக்கு மேல் இருக்கும் நமக்குக் கூட்டத்துக்குப் பஸ் பிடித்துப் போய்வருவது கடினம். கைத்தொலைபேசி வழியாகக் கேட்கலாம். எங்கள் லயத்துக்குள் சிக்னல் வராது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லில் உட்கார்ந்தால் வரும். அங்கே உட்கார்ந்து, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் யாரோ ஒருவர் என் கதையையே தன் கதையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே போனில் இரவு முழுவதும் காணொளி பார்த்துக் கிடப்பது வேறு. அது தனிமையைத் தின்று தனிமையையே வளர்க்கிறது, அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. குடித்தால் குமட்டலும் படபடப்பும் வரவைக்கும் மாத்திரை இருக்கிறது. அதைச் சொல்லாமல் குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள். அதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் உயிருக்கு ஆபத்து, வைத்தியருக்கும் அவருக்கும் தெரிந்தே கொடுக்கவேண்டிய மருந்து அது. அவர் விட்டுவிட்டால், முதல் மாதங்களில் எரிந்து விழுவார், தூங்கமாட்டார், இனிப்புக் கேட்பார். சீனியை ஒளித்து வைக்காதீர்கள். மாலையில் அவருக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள், பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதானாலும் சரி.

சென்ற மாதம் தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். விட்டுச் சில வாரம்தான் ஆகிறது, கண்ணில் தூக்கமில்லை. "அண்ணே, எல்லோரும் என்னைக் கைவிட்டது மாதிரி இருக்கிறது" என்றான். நான் இங்கே எழுதியது எதையும் அவனிடம் சொல்லவில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் மழையில் சரிந்த கல்வரிசையைத் திரும்ப அடுக்கவேண்டியிருந்தது. நாளை ஆறு மணிக்கு வந்துவிடு, கடப்பாரை என்னிடம் இருக்கிறது, கையுறை மட்டும் கொண்டுவா என்றேன். வந்தான். மச்சானையும் கூப்பிட்டிருந்தேன். மூவருமாகக் கல் புரட்டுகிறோம், இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.